சங்கக் கணக்கில் 1,80,000 ரூபாய்: நுழைவு வளைவு கட்டுவதா, மழைக்குத் தயாராவதா?

கீழ்வீட்டுக்காரி கேட்டது:

வணக்கம். எங்கள் நகர் சென்னையில் மடிப்பாக்கத்துப் பக்கம். ஆறு தெரு, 132 வீடு. போன மாதம் குடியிருப்போர் சங்கப் பொதுக்குழுவில் செயலாளர் பதவிக்கு யாரும் கை தூக்கவில்லை. ஓரமாக உட்கார்ந்து சுண்டல் தின்றுகொண்டிருந்த என் பெயரைப் பின்வரிசையிலிருந்து ஒரு மாமி சொன்னார், எல்லோரும் கைதட்டிவிட்டார்கள். ரசீது புத்தகம், மினிட்ஸ் புத்தகம், ரப்பர் ஸ்டாம்ப், பூட்டிய இரும்புப் பெட்டி ஒன்று எல்லாம் இப்போது என் வீட்டு ஷெல்ஃபில் இருக்கின்றன. பெட்டிச் சாவி பழைய செயலாளரோடு அமெரிக்கா போய்விட்டது.

கணக்கில் 1,80,000 ரூபாய் இருக்கிறது. தலைவர், நகரின் பெயர் பொறித்த நுழைவு வளைவு கட்ட வேண்டும் என்கிறார். 1,45,000-க்கு கொட்டேஷன் வாங்கி வைத்திருக்கிறார், கிரானைட்டில் எழுத்தாம். மழைக்கு ஏதாவது செய்வோம் என்று நான் சொன்னால், "அதெல்லாம் கவர்மெண்ட் வேலை, நாம வரி கட்டறோம்" என்பது பொருளாளரின் பதில். இது ஆடி மாதம். ஐப்பசிக்கு எத்தனை நாள் இருக்கிறது?

நான் ஏன் இதைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறேன் என்றும் சொல்லிவிடுகிறேன். 2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல். விடிகாலையில் கரண்ட் போனது. எழுந்து காலைக் கீழே வைத்தால் முழங்கால் வரை தண்ணீர். மாமியார் கட்டிலுக்கு நாலு செங்கல் வைத்து உயர்த்தினோம், அப்புறம் அவரை மாடி வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனோம். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் 214 பேர். அன்று காலை மட்டும் முந்நூறு செய்திக்கு மேல் வந்தது, பாதி ஃபார்வர்டு. மதியத்துக்குள் டவர் போய்விட்டது, அத்தோடு சங்கமும் போய்விட்டது.

மூன்றாவது தெரு முனையில் வயதான தம்பதி. மகள் பெங்களூரில். அவர்கள் அங்கே போய்விட்டார்கள் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டோம். யார் சொன்னார்கள் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. 6-ஆம் தேதி மதியம், பால் கொண்டுவந்த பையன் மொட்டைமாடியில் புடவை ஒன்று ஆடுவதைப் பார்த்துவிட்டுச் சொன்னான். இரண்டு நாளாகத் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்துச் சின்ன அறையில் இருந்திருக்கிறார்கள். ஒரு பாக்கெட் மேரி பிஸ்கட். பெரியவரின் இன்சுலின் கீழே பிரிட்ஜில், பிரிட்ஜ் தண்ணீரில் மிதக்கிறது. பிழைத்தார். ஆனால் என் வீட்டிலிருந்து அது பன்னிரண்டாவது வீடு. நான் இரண்டு நாளும் மாடியில் உட்கார்ந்து ஹெலிகாப்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கேள்விக்கு வருகிறேன். இந்தக் காசில் எதை வாங்குவது? ரப்பர் படகா, மோட்டாரா, ஜெனரேட்டரா? வேறு நகர்களில் எப்படிச் செய்கிறீர்கள்? இன்னொன்று, மூன்று வருடமாகச் சங்கக் கணக்கைப் பதிவாளர் அலுவலகத்தில் தாக்கல் செய்யவில்லை. அதற்கு என்ன வழி?

முடிச்சூர் பழைய செயலாளர் எழுதியது:

அம்மா, முதலில் ஒன்று. படகு வாங்காதீர்கள்.

2015 வெள்ளம் முடிந்ததும் 2016-இல் நாங்கள் ரப்பர் படகு வாங்கினோம். அப்போது நான்தான் செயலாளர், ஆகவே அந்த அசட்டுத்தனத்துக்கு முதல் பொறுப்பு எனக்கு. இரண்டு வருடம் லிஃப்ட் ரூமில் மடித்து வைத்திருந்தோம். மூன்றாவது வருடம் பிரித்தால் மடிப்பெல்லாம் ஒட்டிக்கொண்டு, எலி ஒரு பக்கத்தைத் தின்றிருந்தது. நன்றாக இருந்திருந்தாலும் எங்கள் தெருவில் அது ஓடியிருக்காது. தண்ணீருக்கடியில் கேட்டின் ஈட்டிக் கம்பி, சாய்ந்து கிடக்கும் பைக், கம்பிவேலி எல்லாம் இருக்கும். ரப்பர் எத்தனை நிமிடம் தாங்கும்? 2015-இல் எங்களை வெளியே கொண்டுவந்தது மீனவர்களின் ஃபைபர் படகு. அவர்களுக்குத் தண்ணீர் தெரியும். அவர்களுக்குத் தெரியாத விஷயம் ஒன்றுதான், எங்களுக்கும் அது தெரியவில்லை. படகு தெருமுனையில் நிற்கிறது, படகுக்காரர் கேட்கிறார்: "எந்த வூட்ல ஆளு இருக்கு?" ஏழு பேர் நிற்கிறோம், ஏழு பேரும் ஏழு திசையில் கை காட்டுகிறோம். காலி வீட்டு வாசலில் போய்க் கூவிவிட்டுத் திரும்பி வந்தார் பாவம், மூன்று முறை.

ஆகவே முதலில் வாங்க வேண்டியது 200 பக்கம் லாங் சைஸ் நோட்டு ஒன்று, பென்சில் நாலு. பேனா வேண்டாம், வாடகைக்கு வருவோர் மாறிக்கொண்டே இருப்பார்கள், அழிக்க வேண்டிவரும். தெருவுக்கு இத்தனை பக்கம் என்று பிரியுங்கள். வீட்டு எண், தளம், எத்தனை பேர், படுக்கையில் இருப்பவர் உண்டா, டயாலிசிஸ், ஆக்சிஜன் மிஷின், இன்சுலின், கர்ப்பிணி, கைக்குழந்தை, நாய், வெளியூரில் யாரைக் கூப்பிட வேண்டும், மாற்றுச் சாவி யாரிடம். பிரதி மூன்று, மூன்றும் மாடி வீடுகளில். நோட்டின் போட்டோவை வாட்ஸ்அப்பில் போட்டுவிடாதீர்கள். எந்த வீட்டில் கிழவி தனியாக இருக்கிறாள் என்று ஊருக்கே சொன்னதாகிவிடும்.

இதை யார் எழுதுவது? நாங்கள் செயற்குழுவை அனுப்பினோம். பாதி வீட்டில் ஏதோ சந்தா பாக்கிக்கு வந்திருக்கிறார்கள் என்று கதவைத் திறக்கவில்லை. கடைசியில் கைகொடுத்தது எங்கள் நகரின் இஸ்திரிக்காரர். யார் வீட்டில் எத்தனை சட்டை, யார் ஊருக்குப் போயிருக்கிறார், எந்தத் தாத்தாவுக்கு வேட்டி மட்டும் போகிறது, எல்லாம் அவர் விரல்நுனியில். என் மனைவியும் அவர் மனைவியும் நாலு ஞாயிற்றுக்கிழமையில் 160 வீட்டை முடித்தார்கள். இப்போது மழை எச்சரிக்கை வந்தால் அவர் வண்டிதான் எங்கள் கண்ட்ரோல் ரூம்.

அடுத்தது, உங்கள் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடியுங்கள். 2015 என்றால் எல்லோரும் செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்தது, விநாடிக்கு 29,000 கனஅடி என்று ஆரம்பித்துவிடுவார்கள். அந்தத் தண்ணீர் அடையாற்றில் சேருவது திருநீர்மலைப் பக்கம், எங்களுக்குக் கீழே. எங்களை மூழ்கடித்தது ஆதனூர், மண்ணிவாக்கம் ஏரிகளின் உபரியும், இந்தப் பக்கம் பீர்க்கன்காரணை, இரும்புலியூர் ஏரிகளின் உபரியும். போதாததற்குத் தாம்பரத்தில் ஒரே நாளில் பெய்த 49 சென்டிமீட்டர் மழை. இது தெரியாமல் நாங்கள் டிவியில் செம்பரம்பாக்கத்து மதகையே பார்த்துக்கொண்டிருந்தோம். உங்கள் பக்கம் கீழ்க்கட்டளை ஏரி, நாராயணபுரம் ஏரி, பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம், அப்புறம் ஒக்கியம் மடுவு என்கிற ஓடை வழியாகப் பக்கிங்காம் கால்வாய், கோவளம், கடல். ஒக்கியம் மடுவில் தேங்கினால் உங்கள் சமையலறையில் ஏறும். ஒரு ஞாயிறு பைக்கில் கிளம்பி அந்த வழியை ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள், அவ்வளவு தூரமில்லை.

வடிகால் விஷயத்தில் நாங்கள் கற்றது இது. மூன்று வருடம் "மழைநீர் வடிகாலைத் தூர்வாரி ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம்" என்று கடிதம் கொடுத்தோம். கடிதத்துக்கு முத்திரை விழுந்தது, வேறொன்றும் நடக்கவில்லை. பிறகு ஒருநாள் கோடைமழையில் குடையோடு நடந்தோம். வடிகாலுக்குள் இடம் இருக்கிறது, ஆனால் தெருத் தண்ணீர் உள்ளே போகும் துளைகள் அடைத்திருக்கின்றன. மண், பால் கவர், தென்னம்பாளை. மொத்தம் 18 துளை, அதில் 11 அடைப்பு. எந்த வீட்டு வாசலில் எந்தத் துளை என்று வீட்டு எண் போட்டுப் பட்டியல் கொடுத்தோம். நாலு நாளில் ஆள் வந்தது. பொதுவாக எழுதினால் யாருக்கும் வேலை இல்லை. எண் போட்டு எழுதினால் ஒரு ஆளுடைய ஒருநாள் வேலை, அவ்வளவுதான். சென்னை மாநகராட்சிக்குள் இருந்தால் 1913-இல் பதிந்து புகார் எண்ணையும் நோட்டில் எழுதுங்கள். 2022 முதல் வார்டுக்குள் பகுதி மக்கள் கூடிக் குறை சொல்ல ஏரியா சபை என்று ஒன்று இருக்கிறது, அங்கேயும் இந்தப் பட்டியலோடு போங்கள்.

புது ரோடு போட வந்தால் பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் போட வேண்டும் என்று நில்லுங்கள். ஒவ்வொரு முறையும் மேலே மேலே போட்டுத்தான் உங்கள் வீடு பள்ளத்துக்குப் போனது. கான்ட்ராக்டர் காலை ஐந்து மணிக்கு வருவார். நீங்கள் நாலரைக்கு நாற்காலி போட்டு உட்காருங்கள்.

மோட்டார்? வாங்கலாம், ஆனால் தண்ணீரை எங்கே விடுவீர்கள் என்று முடிவு செய்த பிறகு. நாங்கள் 5 எச்.பி. டீசல் மோட்டாரை வாடகைக்கு எடுத்து இரவெல்லாம் ஓட்டினோம். தெரு வற்றியது. காலையில் பக்கத்து நகர்க்காரர்கள் கட்டையோடு நிற்கிறார்கள், எங்கள் தண்ணீர் முழுக்க அவர்கள் தெருவில். கைகலப்பு வரை போய், டீக்கடையில் உட்கார்ந்து முடிந்தது. இப்போது இரண்டு நகரும் சேர்ந்து ஓஸ் வாங்கி வைத்திருக்கிறோம், நேரே ஓடைக்குப் போகிற நீளத்தில்.

பதிவு: மூன்று வருடம் என்றால் தப்பிக்கலாம். 1975-ஆம் வருடச் சங்கச் சட்டப்படி வருடாவருடம் கணக்கும் உறுப்பினர், நிர்வாகிகள் பட்டியலும் மாவட்டப் பதிவாளரிடம் போக வேண்டும். ஆடிட்டரைப் பிடித்து மூன்றையும் சேர்த்து, தாமதக் கட்டணத்தோடு கொடுத்துவிடுங்கள். பதிவு உயிரோடு இருந்தால் நமக்கு நாமே திட்டத்தில் விண்ணப்பிக்கலாம். மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கு நாம் கட்டினால் மீதியை அரசு போடும். வளைவு ஆசைப்படும் தலைவரிடம் இதைச் சொல்லுங்கள். ஒரு லட்சம் போட்டால் மூன்று லட்சத்துக்கு வேலை நடக்கும் என்றால் யாருக்கும் காது நீளும்.

கடலூர்க்காரன் எழுதியது:

முடிச்சூர் பெரியவர் சொன்னதெல்லாம் சரி, ஆனால் சென்னைக்காரர்களுக்குப் புயல் என்றாலே தண்ணீர்தான். எங்களுக்குக் காற்று. 2011 டிசம்பர் 30 காலை, தானே புயல். எங்கள் தெருவில் ஒரு சொட்டுத் தண்ணீர் நிற்கவில்லை, ஆனால் ஒரு கம்பம்கூட நிற்கவில்லை. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு. எங்கள் தெரு அடைபட்டுக் கிடந்தது புளியமரம் ஒன்றால். தெருவில் 40 ஆம்பளை, ஒரு அரிவாள். அறுக்க ரம்பம் இல்லை. மறுநாள் மாலைவரை ஒரு வண்டி உள்ளே வரவில்லை.

ஆகவே மர ரம்பம், நல்ல கயிறு, கடப்பாரை. மோட்டார் ரம்பம் வாங்கினால் ஓட்டத் தெரிந்த ஆளையும் சேர்த்து வையுங்கள், தெரியாதவன் கையில் அது புயலைவிட மோசம். புயலுக்கு முதல்நாள் மொட்டைமாடி பிளாஸ்டிக் டேங்க்கை முழுக்க நிரப்பச் சொல்லுங்கள். காலி டேங்க் பறக்கும். எங்கள் பக்கத்து வீட்டு டேங்க் நாலு வீடு தள்ளி மாட்டுக்கொட்டகையில் கிடைத்தது. இன்னொன்று, புயலின் நடுவே இருக்கும் கண் ஊருக்கு மேலே வரும்போது காற்று சட்டென்று அடங்கும். முடிந்தது என்று வெளியே வந்து நின்று பேசுவார்கள். அப்போதுதான் எதிர்ப்பக்கத்திலிருந்து அடிக்கும். இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.

அறுந்து கிடக்கும் கம்பியை யாரும் தொடக் கூடாது, கரண்ட் இல்லை என்று தெரிந்தாலும். யாராவது ஜெனரேட்டர் போட்டிருப்பான். மின்சாரப் புகாருக்கு மின்னகம் 94987 94987, மாவட்டக் கட்டுப்பாட்டறை 1077, மாநிலத்துக்கு 1070. போனில் இருந்தால் போதாது, சுவரில் பெயிண்டில் எழுதுங்கள்.

வாடகை வீட்டுக்காரன் எழுதியது:

நான் கொஞ்சம் கசப்பாகத்தான் எழுதுவேன், மன்னிக்கவும். வேளச்சேரியில் ஒரு நகரில் ஆறு வருடம் குடியிருந்தேன், கீழ்த்தளம். மாதாமாதம் வீட்டுக்காரர் சங்கச் சந்தாவையும் சேர்த்துத்தான் வாடகை வாங்கினார். மிக்ஜாமின் மூன்றாம் நாள் சங்கம் வழியாகப் பால் பவுடரும் சப்பாத்தியும் வந்தது. பட்டியலில் வீட்டுக்காரர் பெயர் இருக்கிறது. வீட்டுக்காரர் இருப்பது துபாயில். "ஓனருக்குத்தான் எண்ட்ரி" என்றார் கொடுத்தவர். அப்புறம் இரண்டாம் மாடி அம்மா அவர் பங்கிலிருந்து கொடுத்தார், அது வேறு.

2024 அக்டோபரில் ரெட் அலர்ட் வந்தபோது வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் கார்களை நிறுத்தினார்கள், செய்தியில் பார்த்திருப்பீர்கள். காருக்கு மேம்பாலம் உண்டு. கீழ்வீட்டில் வாடகைக்கு இருப்பவனுக்கு எந்த மாடி என்று யாராவது முன்கூட்டியே பேசி வைத்திருக்கிறார்களா? உங்கள் நோட்டில் ஒரு கட்டம் கூடப் போடுங்கள் அக்கா: "தண்ணீர் ஏறினால் யார் வீட்டுக்குப் போவார்கள்". மேல்வீட்டுக்காரர் முகத்துக்கு நேரே சரி என்று சொன்ன பிறகு எழுதுங்கள். நடுராத்திரியில் கதவைத் தட்ட எவ்வளவு கூச்சம் தெரியுமா.

ஷிசுவோகாவில் இருப்பவன் எழுதியது:

சொந்த ஊர் குரோம்பேட்டை, ஜப்பானில் பத்து வருடம். இங்கே சங்கத்துக்கு ச்சோனாய்காய் என்று பெயர். நான் வந்த மூன்றாம் வருடமே பத்துப் பதினைந்து வீட்டுக் குழுவுக்கு என்னைத் தலைவர் ஆக்கிவிட்டார்கள். முறைவைத்து வரும் வேலை, சுண்டல் தின்றாலும் தின்னாவிட்டாலும் வரும். அட்டையில் காகிதத்தைச் செருகி வீடு வீடாகச் சுற்றவிடுவார்கள், படித்துவிட்டு முத்திரை குத்திப் பக்கத்து வீட்டுக்குத் தர வேண்டும். வாட்ஸ்அப் காலத்தில் இதென்ன கூத்து என்று சிரித்திருக்கிறேன். அப்புறம்தான் புரிந்தது, பக்கத்து வீட்டுக் கிழவியை மாதம் இரண்டு தடவையாவது பார்த்துவிடுகிறேன்.

1923-இல் தோக்கியோ பூகம்பம் நடந்த செப்டம்பர் 1-ஐ ஒட்டி ஒத்திகை நடக்கும். எங்கள் பகுதியில் வீட்டில் எல்லோரும் நலம் என்றால் வாசலில் மஞ்சள் துணி கட்டிவிட வேண்டும். துணி இல்லாத வீட்டை மட்டும் போய்த் தட்டினால் போதும். 132 வீட்டுக்கு மஞ்சள் துணி என்ன ஆகிவிடும்? நம் ஊரில் மஞ்சள் துணிக்குப் பஞ்சமா. 1995 கோபே பூகம்பத்தில் இடிபாட்டிலிருந்து மீட்கப்பட்டவர்களில் பெரும்பாலோரை எடுத்தது வீட்டாரும் அக்கம்பக்கத்தாரும்தான் என்று ஒவ்வொரு ஒத்திகையிலும் சொல்வார்கள். ஒத்திகை முடிந்ததும் பெரிய அண்டாவில் சூப். உண்மையைச் சொன்னால் பாதிப் பேர் அதற்காகத்தான் வருகிறார்கள்.

கீழ்வீட்டுக்காரி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன்.

நோட்டு ஆரம்பித்துவிட்டோம். எங்கள் இஸ்திரி அண்ணன் முதலில் சிரித்தார், அப்புறம் மூன்றாவது தெருவை மனப்பாடமாக ஒப்பித்தார். எங்கள் பட்டியலில் 132 வீடு. அவர் கணக்கில் அடுப்பு எரிவது 287 இடத்தில். ஃபிளாட், மொட்டைமாடி ரூம், கார் ஷெட்டைத் தடுத்து வாடகைக்கு விட்டது எல்லாம் சேர்த்து. நான்காவது தெருவில் வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் போகிற ஒருவர் இருக்கிறார் என்று எங்கள் செயற்குழுவில் ஒன்பது பேருக்கும் தெரியாது. வாடகைக்கு இருக்கும் தம்பி சொன்ன கட்டத்தையும் சேர்த்தோம். அந்தக் கேள்விக்குத்தான் நேரம் பிடிக்கிறது. சில மேல்வீடுகளில் "கேட்டுச் சொல்றேன்" என்கிறார்கள். யாரைக் கேட்பார்களோ. ஒரு பாட்டி மட்டும், "இதைக் கேக்கணுமா, செருப்பை வெளில விட்டுட்டு வரச் சொல்லு" என்றார்.

மூன்றாவது தெரு முனைப் பெரியவர் வீட்டு மாற்றுச் சாவி இப்போது என் ஷெல்ஃபில் ரப்பர் ஸ்டாம்புக்குப் பக்கத்தில். பெரியம்மா சாவி கொடுக்கும்போது அந்த இரண்டு நாளைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. காபி கொடுத்தார். மஞ்சள் துணி என்றதும், "அன்னிக்கு நான் ஆட்டினது பச்சைப் புடவை" என்றார்.

ஆடிட்டர் மூன்று வருடக் கணக்கையும் முடித்துத் தருகிறேன் என்றிருக்கிறார். வளைவு தள்ளிப் போயிருக்கிறது, தலைவர் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

போன சனிக்கிழமை மாலை நல்ல மழை. குடையோடு நானும் இஸ்திரி அண்ணனும் பால்காரப் பையனும் ஆறு தெருவையும் நடந்தோம். 23 துளை, 14 அடைப்பு. வீட்டு எண் போட்டாயிற்று. பதின்மூன்றில் மண்ணும் பிளாஸ்டிக்கும். பதினான்காவது துளை, கார் ஏற்றுவதற்காகப் போட்ட சிமெண்ட் சரிவுக்கு அடியில், முழுதாகப் பூசி மூடியிருக்கிறது. அந்தக் கார் தலைவருடையது. திங்கட்கிழமை பட்டியலைக் கொடுக்க வேண்டும். அதற்கு முன் அவருக்கு ஒரு கடிதம் எழுதலாம் என்று பார்க்கிறேன். எப்படி ஆரம்பிப்பது?

முடிச்சூர் பழைய செயலாளர் எழுதியது:

"மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கு" என்று ஆரம்பியுங்கள். நகரின் பெயரை நல்ல கொட்டை எழுத்தில் போடுங்கள், அவருக்குப் பிடிக்கும். பதின்மூன்று வீட்டு எண்ணையும் முதலில் எழுதிவிட்டு அவருடையதைக் கடைசியில் எழுதுங்கள். கடிதத்தை நேரில் கொண்டு போங்கள், மழை பெய்யும்போது போனால் இன்னும் நல்லது.